கரையில் இறங்காத நாள்: ராயபுரத்திலிருந்து ஒரு கப்பல் நாட்குறிப்பு

ஜூன் 22, 2025 – காசிமேடு

தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போன விசைப்படகுகள் திரும்பியிருக்கும் முதல் ஞாயிறு. 61 நாள் வெறிச்சோடிக் கிடந்த துறையில் விடியற்காலை நான்கு மணிக்கே கால் வைக்க இடமில்லை. வஞ்சிரம் கிலோ ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. கொடுவாய் 600. “கப்பலில் என்ன மீன் போடுவார்களோ, இன்றைக்கு வாய்க்கு ருசியாகத் தின்றுவிட்டுப் போ” என்று அம்மா சொன்னதால் இரண்டு கிலோவில் ஒரு கொடுவாய் வாங்கினேன். தலையைக் குழம்புக்கும் நடுத்துண்டுகளை வறுவலுக்கும் ஒதுக்கினோம்.

இன்றிரவு விமானம். மகள் ஆஸ்திரேலியாவின் வடகரையில் உள்ள டார்வின் நகரில் செவிலியராக இருக்கிறாள். எங்கள் 35-வது திருமண நாளுக்காக, டார்வினிலிருந்து கெயின்ஸ் வரை தீவுகளையும் பூர்வகுடி ஊர்களையும் தொட்டுப் போகும் ஒரு சொகுசுக் கப்பலில் எங்களுக்கு இடம் பிடித்திருக்கிறாள். ஒன்பது இரவு. கடைசி நேரத்தில் காலியாகக் கிடந்த அறை என்பதால் பாதி விலைக்குக் கிடைத்ததாம். அந்தப் பாதியே இருவருக்கும் சேர்த்து ஐந்தரை லட்சம் ரூபாய்க்கு மேல். இதைக் கேட்டதிலிருந்து என் கணவருக்கு இரண்டு நாள் தூக்கமில்லை.

புறப்படுமுன் அம்மாவோடு, கடலரிப்பைத் தடுக்கக் கரையில் கொட்டிய கல்லணைப் பக்கம் போய் உட்கார்ந்தேன். அம்மாவுக்கு 82 வயது. அவள் பிறந்த வீடு இப்போது கடலுக்குள் இருக்கிறது. “அதோ, அந்த அலை உடைகிறதே, அங்கேதான் அடுப்பங்கரை” என்று எப்போதும் கைகாட்டுவாள். இந்தக் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். துறைமுகத்துக்காகக் கடலுக்குள் நீட்டிய கற்சுவர்கள் அந்த மணலை மறித்தன. தெற்கே மெரினா அகலமானது, வடக்கே எங்கள் கரை தேய்ந்தது. என் கணவர் 34 ஆண்டு துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அந்தச் சம்பளத்தில்தான் மகள் படித்தாள். ஆகவே எங்கள் வீட்டில் இந்தப் பேச்சை யாரும் நீட்டுவதில்லை.

ஜூன் 25 – டார்வின்

வந்து சேர்ந்தோம். அவருடைய பெட்டி வந்து சேரவில்லை. கையில் ஒரு பையும் உடுத்திய சட்டையும்தான். கடையில் ஒரு சட்டை 45 டாலர். டாலருக்கு 56 ரூபாய் என்று அவர் மனத்துக்குள் பெருக்கிப் பார்த்துவிட்டு, எடுத்த சட்டையை எடுத்த இடத்திலேயே திரும்பத் தொங்கவிட்டார். மகள் பேசாமல் நான்கு சட்டைகள் எடுத்துப் பணம் கட்டினாள். விமான நிலையத்தில் நான் எழுதிக் கொடுத்த பொருட்களில் கறிவேப்பிலை மட்டும் குப்பைக்குப் போனது. அந்த அதிகாரிப் பெண், “மன்னித்துவிடுங்கள், வாசனை நன்றாக இருக்கிறது” என்று சொல்லிவிட்டுத்தான் போட்டாள்.

இங்கே இது வறண்ட பருவம். பகலில் நம் சித்திரை போலக் காய்கிறது. ஆனால் வியர்வை ஒட்டுவதில்லை, இரவில் போர்வை தேவைப்படுகிறது. துறைமுகத்தைப் பார்த்ததும் அவருக்கு உயிர் வந்தது. இங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே எட்டு மீட்டர் வரை வித்தியாசம் வருமாம். நம் சென்னையில் ஒரு மீட்டரைச் சுற்றித்தான். “எட்டு மீட்டர் ஏறி இறங்கும் தண்ணீரில் எப்படிச் சரக்கு இறக்குவார்கள்?” என்று கப்பல் ஏறும்வரை அதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

கப்பலில் நூறு பேருக்குள்தான் பயணிகள். பெரும்பாலும் ஓய்வுபெற்ற வெள்ளையர்கள். தலையணையில் ஐந்து வகை, எது வேண்டும் என்று கேட்கிறார்கள். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் கடல் இருக்கிறது, ஆனால் கடல் வாசம் அறைக்குள் வருவதில்லை. நான் பால்கனிக் கதவைத் திறந்து வைத்துத்தான் தூங்கினேன்.

ஜூன் 26 – திவி தீவுகள்

டார்வினுக்கு வடக்கே 80 கிலோமீட்டரில் பாதர்ஸ்ட், மெல்வில் என்று இரண்டு தீவுகள். இரண்டும் திவி மக்களுடையவை. அவர்கள் அனுமதிச்சீட்டு கொடுத்தால்தான் வெளியார் இறங்கலாம். கப்பலிலிருந்து ரப்பர் படகில் போய் உர்ருமியாங்கா என்ற ஊரில் இறங்கினோம். முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கும்போது என் ஒரு செருப்பு சேற்றோடு போய்விட்டது. குனிந்து தேடப் போனேன். படகோட்டிப் பையன் என் முழங்கையைப் பிடித்து, “வேண்டாம், இங்கே முதலை உண்டு” என்று இழுத்துவிட்டான். உவர்நீர் முதலைகள், கடலிலேயே நீந்தும். இந்தப் பயணம் முடியும்வரை எங்கும் தனியாகக் கடலில் கால் நனைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கடலோரத்தில் பிறந்த எனக்கு அதுதான் பெரிய தண்டனையாக இருந்தது.

மூன்று மூதாட்டிகள் மரத்தடியில் தேநீரும் சுட்ட ரொட்டியும் வைத்துக் காத்திருந்தார்கள். பச்சை இலைகளைக் கொளுத்தி, அந்தப் புகைக்குள் எங்களை நடக்க வைத்தார்கள். பிறகு தங்கள் தங்கள் குலத்துக்குரிய ஆட்டம் ஆடினார்கள். ஒருவர் முதலை, ஒருவர் சுறா, ஒருவர் ஆமை. சுறா ஆடிய அம்மாள் கைகளைச் செவுள் போல விரித்துத் திரும்பிய வேகத்தில், வலையில் விழுந்த சுறா துள்ளுவதைப் பார்த்த ஞாபகம் எனக்கு வந்தது.

திவி மக்கள் இறந்தவருக்காகப் புகுமானி என்ற சடங்கு செய்கிறார்கள். செதுக்கி வண்ணம் தீட்டிய மரத்தூண்களைக் கல்லறையைச் சுற்றி நடுகிறார்கள். துக்கத்தில் இருக்கும் நெருங்கிய உறவினர் தம் கையால் உணவைத் தொடக் கூடாது, மற்றவர்கள்தான் ஊட்டிவிட வேண்டும். நம் தெருவில் இழவு வீட்டில் அடுப்பு மூட்டாமல் பக்கத்து வீட்டார் சோறு கொண்டுபோவதை அந்த மூதாட்டியிடம் சொன்னேன். உடனிருந்த மகளின் தோழி ஒருத்தி மொழிபெயர்த்தாள். மூதாட்டி என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, நெடுநேரம் விடவில்லை.

இங்கே 1911-ல் கத்தோலிக்க மிஷன் வந்தது. மரத்தால் கட்டிய பழைய கோவில் இன்னும் நிற்கிறது, பீடத்தில் திவி ஓவியங்கள். நான் ராயப்பர் (புனித பேதுரு) கோவில் பங்கைச் சேர்ந்தவள். முழங்காலிட்டு ஒரு மன்றாட்டுச் சொன்னேன். வெளியே வந்தபோது வழிகாட்டி, பக்கத்துத் தீவில் கார்டன் பாயின்ட் என்ற இடத்தைப் பற்றிச் சொன்னாள். கலப்புக் குழந்தைகள் என்று சொல்லித் தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுவந்த பிள்ளைகளை அங்கே ஒரு கத்தோலிக்க மிஷனில் வைத்து வளர்த்தார்கள். அந்த அநியாயத்துக்கு நாட்டின் பிரதமர் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது 2008 பிப்ரவரி 13-ல்தான். அவள் குரல் உயரவே இல்லை. ஆனால் என் கழுத்தில் கிடந்த சிலுவையைப் பார்த்தபடிதான் சொன்னாள். நான் பார்வையைத் தாழ்த்தவில்லை. தாழ்த்தினால் அவள் சொன்னதைப் பாதியில் நிறுத்தியது போல ஆகிவிடும் என்று தோன்றியது.

அச்சுத் துணி ஒரு மீட்டர் 65 டாலர். ஒன்று வாங்கினேன். செருப்புக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஜூன் 27 – அர்னெம் லேண்ட் கரைக்கு அப்பால்

இன்று ஒரு சிறிய பூர்வகுடி ஊரில் இறங்க வேண்டியது. காலை எட்டு மணிக்குக் கரை தெரிந்தது. வெள்ளை மணல், நீல ஓட்டுக் கூரைகள் நாலைந்து, ஒரு தண்ணீர்த் தொட்டி. எல்லோரும் தொப்பியும் காமிராவுமாகத் தயாராக நின்றோம். அப்போது கேப்டனின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. ஊரில் ஒருவர் இறந்துவிட்டார், ஊர் மூடப்பட்டிருக்கிறது, இறங்க மாட்டோம்.

நங்கூரம்கூடப் போடவில்லை. கப்பல் மெல்லத் திரும்பியது.

சிலர் கோபப்பட்டார்கள். எனக்கு அடுத்து நின்றவர், “இவ்வளவு பணம் கட்டியிருக்கிறோம், ஒரு மணி நேரமாவது இறக்கிவிடலாமே” என்று வரவேற்பு மேசையில் போய்ச் சத்தம் போட்டார். மேசையில் இருந்த பெண், “இது எங்கள் முடிவு அல்ல, ஐயா. அவர்களுடைய முடிவு” என்றாள். அவர் மூன்று விதமாகக் கேட்டார், அவள் மூன்று முறையும் அதே வாக்கியத்தையே சொன்னாள்.

நான் மேல்தளத்தில் தனியாக நின்று அந்த ஊர் மறையும்வரை பார்த்தேன். இந்த மக்கள் இறந்தவரின் பெயரை உச்சரிப்பதில்லை, படத்தைக் காட்டுவதில்லை. என் ஆயாவும் கடலில் போன தன் தம்பியின் பெயரை விளக்கு வைத்த பிறகு சொல்ல மாட்டாள், “அவன்” என்பாள். ஆனால் என்னை நெடுநேரம் அங்கேயே நிற்க வைத்தது துக்கம் மட்டுமல்ல. ஒரு ஊர் “வராதே” என்றது, இவ்வளவு பெரிய கப்பல் திரும்பிப் போனது. என் அறுபது வருட வாழ்க்கையில் ஒரு மீனவ ஊர் அப்படிச் சொல்லி, வந்தவர்கள் திரும்பிப் போனதை நான் பார்த்ததில்லை. எண்ணூரில் அனல்மின் நிலையக்காரர்கள் கேட்டுவிட்டா வந்தார்கள்? காட்டுப்பள்ளியில் துறைமுகக்காரர்கள் கேட்டார்களா? கொசஸ்தலையாற்றுச் சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களிடம் சாம்பல் கொட்டும் முன் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

மதியச் சாப்பாட்டுக்கு யாருக்கும் பசியில்லை. எனக்கு நன்றாகப் பசித்தது.

ஜூன் 28 – யிர்க்கலா

நேற்றைய கேள்விக்கு இங்கே பதில் கிடைத்தது. அதனால் இந்த நாளைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

கோவ் தீபகற்பத்தில் உள்ள யிர்க்கலா, யோல்ங்கு என்ற பூர்வகுடி மக்களின் ஊர். கரையில் எங்களை வரவேற்ற அம்மாள் என் வயதுக்காரர். முதலில் கடலைப் பார்த்துத் தன் மொழியில் ஏதோ சொன்னார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். யாரிடம் பேசினீர்கள் என்று கேட்டேன். “தண்ணீரிடம். புதியவர்கள் வந்திருக்கிறார்கள் என்று சொன்னேன்” என்றார்.

ஊருக்குள் நடந்தபோது ஒரு மரத்தடியில் நின்றுவிட்டேன். புளியமரம்! பழைய மரம், கீழே உலர்ந்த ஓடுகள் கிடந்தன. ஒன்றை எடுத்து உடைத்து நாக்கில் வைத்தேன். நம் புளிதான். மரம் நட்டது யார் என்று அந்த அம்மாள் சொன்னார். இந்தோனேசியாவின் மக்காசரிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் மாரிக்காற்றில் பாய்விரித்து வந்து, கடலட்டை பிடித்து, வேகவைத்து, புகையில் உலர்த்தி, காற்று திரும்பியதும் கிளம்பிப் போய்ச் சீனர்களுக்கு விற்ற வியாபாரிகள். அவர்கள் துப்பிய கொட்டையில் முளைத்தவை இந்தக் கரையோரப் புளியமரங்கள். வெள்ளையர் அரசு உரிமம் தர மறுத்ததால் 1907-ல் அந்த வரத்து நின்றது. ஆனால் சொற்கள் தங்கிவிட்டன. வெள்ளைக்காரருக்கு யோல்ங்கு மொழியில் பலாண்டா என்று பெயர், ஹாலண்டர் என்பதன் திரிபு. பணத்துக்கு என்ன சொல் தெரியுமா? ருப்பியா. அந்த அம்மாள் அதைச் சொன்னதும் நான் என் கைப்பையிலிருந்து ஒரு பத்து ரூபாய்த் தாளை எடுத்துக் காட்டினேன். “ரூபாய்” என்றேன். “ருப்பியா” என்றார். இருவரும் மாறி மாறி நாலு முறை சொல்லிக்கொண்டோம். அந்தத் தாளை அவரிடமே கொடுத்துவிட்டேன்.

கலைக்கூடத்துக்குள் இரண்டு பெரிய பலகைகள், ஒவ்வொன்றும் இரண்டு ஆள் உயரம். 1962-63-ல் யோல்ங்கு பெரியவர்கள் தங்கள் குலங்களின் புனித ஓவியங்களை மிஷன் கோவிலில் வைக்க வரைந்தவை. 1970-களில் கோவில்காரர்கள் அவற்றைத் தூக்கி வெளியே போட்டுவிட்டார்கள். மக்கள்தான் மீட்டு வைத்திருக்கிறார்கள். நேற்றுமுன்தினம் கார்டன் பாயின்ட், இன்று இது. விசுவாசி என்ற முறையில் எனக்கு இரண்டும் வலித்தன.

அதே 1963-ல் அலுமினியத் தாதுச் சுரங்கத்துக்காக இவர்கள் நிலம் கேட்காமலேயே எடுத்துக் கொடுக்கப்பட்டது. யோல்ங்கு மக்கள் மரப்பட்டையில் தங்கள் ஓவியங்களைச் சுற்றிலும் வரைந்து, நடுவில் தங்கள் மொழியிலும் ஆங்கிலத்திலும் மனுவைத் தட்டச்சிட்டு ஒட்டி, பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். சுரங்கம் நிற்கவில்லை. வழக்குப் போட்டார்கள், 1971-ல் தோற்றார்கள். ஆனால் அந்தத் தோல்வி கிளப்பிய கேள்விகளிலிருந்துதான் 1976-ல் வடக்குப் பிரதேசத்தின் நில உரிமைச் சட்டம் வந்தது.

கடல் கதை இன்னும் பெரியது. 1996-ல் தெற்கே ப்ளூ மட் வளைகுடாவில், தங்கள் முதலைத் தெய்வத்தின் இடத்தில், திருட்டுத்தனமாக மீன் பிடித்தவர்களின் கூடாரத்தையும் வெட்டிப் போட்ட ஒரு முதலைத் தலையையும் இவர்கள் கண்டார்கள். அவர்கள் திருட வந்த மீன் பாரமுண்டி. பெரியவர்கள் அடிதடிக்குப் போகவில்லை. 47 ஓவியர்கள் உட்கார்ந்து, எந்த நீர் எந்தக் குலத்துடையது, எந்த நீரோட்டம் எங்கே எதோடு கலக்கிறது என்று 80 மரப்பட்டைகளில் வரைந்தார்கள். பிறகு வழக்கு. 2008 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: பூர்வகுடி நிலத்தை ஒட்டி அலை ஏறி இறங்கும் கரையில், தண்ணீர் மூடியிருக்கும் நேரத்திலும், அவர்கள் அனுமதி இல்லாமல் யாரும் மீன் பிடிக்க நுழைய முடியாது. வடக்குப் பிரதேசக் கடற்கரையில் சுமார் 80 சதவீதத்துக்கு அது பொருந்தும்.

அலை ஏறி இறங்கும் இடம்! கட்டுமரம் கிடந்த இடம், ஆயா கருவாடு காயவைத்த இடம், என் அம்மாவின் அடுப்பங்கரை இன்று இருக்கிற இடம். வன்னி, தெண்டி என்று நம் ஆட்களும்தான் நீரோட்டத்துக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். எந்தப் பாறையில் எந்த மீன் அடையும் என்று அப்பா கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அதை ஒரு நீதிமன்றம் சொத்துப் பத்திரம் போல ஏற்றுக்கொள்ளும் என்று யாராவது அவரிடம் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார்.

பெண்கள் தாழை ஓலையைக் கையால் கிழித்து, வேர்ச்சாயத்தில் வேகவைத்து, கூடை முடைகிறார்கள். தாழையேதான், நம் தாழம்பூ இனம். கைப்பிடி அளவுக் கூடை 120 டாலர். நான் விலை கேட்டதும் என் கணவரே, “வாங்கு” என்றார். இந்தப் பயணத்தில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது அந்த ஒரு முறைதான்.

ஒரு பயணி, கூடை முடைந்த மூதாட்டியைக் கேட்காமல் படம் எடுத்தார். மூதாட்டி வேலையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் தானாகவே படத்தை அழித்துக் காட்டினார். மூதாட்டி தலையசைத்து மறுபடி ஓலையை எடுத்தார்.

ஜூன் 29 – கார்பென்டாரியா வளைகுடா

ராயப்பர், சின்னப்பர் (பேதுரு, பவுல்) திருநாள். ஊரில் இருந்திருந்தால் காலைப் பூசைக்குப் போயிருப்பேன். இங்கே கடல் பொங்குகிறது. தென்கிழக்குக் காற்று நேற்றிரவிலிருந்து கப்பலைப் பக்கவாட்டில் அறைகிறது. அவர் படுத்தே கிடக்கிறார். துறைமுகத்தில் 34 வருடம் இருந்தவர், ஆனால் கரையில் நின்ற கிரேனில்தான். நான் சின்ன வயதில் அப்பாவோடு படகில் போனவள், எனக்கு ஒன்றும் செய்யவில்லை.

இரண்டு நாளாகச் சொல்ல நினைத்தது இது. கப்பலில் தினமும் பாரமுண்டி என்ற மீனைப் பெரிய மரியாதையோடு பரிமாறுகிறார்கள். ஒரு வாய் வைத்ததுமே தெரிந்துவிட்டது. நம் கொடுவாயேதான். கழிமுகத்தில் வளர்ந்து, ஆணாக வாழ்க்கையைத் தொடங்கி, பெரிதானதும் பெண்ணாக மாறும் அதே மீன். புறப்பட்ட அன்று தின்ற மீனைத் தேடித்தான் ஆறாயிரம் கிலோமீட்டருக்கு மேல் வந்திருக்கிறேன். ஆனால் இங்கே முள்ளில்லாத இரண்டு துண்டு, வெண்ணெய், ஒரு எலுமிச்சை. தலை எங்கே?

பரிமாறிய பிலிப்பைன்ஸ் தம்பியிடம் கேட்டேன். முதலில் அவனுக்குப் புரியவில்லை. என் தலையைத் தொட்டுக் காட்டினேன். அவன் முகம் மலர்ந்தது. “தலைகள் எங்கள் சமையலறைக்குப் போகும், நானாய்” என்றான். நானாய் என்றால் அவர்கள் மொழியில் அம்மா. இரவு எட்டு மணிக்கு அறைக் கதவைத் தட்டினான். மூடிய கிண்ணத்தில் அவர்களுக்காகச் சமைத்த சினிகாங். கொடுவாய்த் தலை, முள்ளங்கி, தக்காளி, பச்சை மிளகாய், புளி. புளித்தண்ணீரில் கொதித்த மீன்! மசாலா இல்லை, நல்லெண்ணெய் இல்லை. ஆனாலும் அந்த வாசனைக்கு அவர் எழுந்து உட்கார்ந்தார். வெறுஞ்சோற்றில் ஊற்றிப் பிசைந்து, கன்னச் சதையைப் பிரித்து அவருக்குக் கொடுத்தேன். முழுதாகச் சாப்பிட்டார். காசு கொடுத்தபோது அந்தத் தம்பி இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டான். ஊரில் அவனுக்கு அம்மா இருக்கிறாராம், நாலு மாதமாகப் பார்க்கவில்லையாம். திருநாளுக்கு விருந்து கிடைத்தது என்று சொன்னேன். அவனும் கத்தோலிக்கன், நாள் அவனுக்கும் நினைவிருந்தது.

ஜூலை 1 – வியாழன் தீவு, டோரஸ் நீரிணை

நேற்று மாலை வந்தோம். ஆங்கிலத்தில் தேர்ஸ்டே ஐலண்ட், மண்ணின் மக்கள் வைத்த பெயர் வைபென். சுமார் மூன்றரை சதுர கிலோமீட்டர்தான், குறுக்காக நடந்தே போய்விடலாம். தென்னை, காற்று, பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவே ஒரு நிறத்தில் பாயும் தண்ணீர்.

இன்று இங்கே பெருவிழா. 1871 ஜூலை 1 அன்று லண்டன் மிஷனரிகளும் பசிபிக் தீவுகளின் போதகர்களும் ஏருப் தீவில் இறங்கினார்கள். தாபாட் என்ற பெரியவர் அவர்களை எதிர்கொண்டு வரவேற்றார். அதை “ஒளி வந்த நாள்” என்று எல்லாத் தீவுகளிலும் கொண்டாடுகிறார்கள். கடைகள் அடைப்பு. செருப்பு வாங்க நினைத்திருந்தேன், மகளின் பழைய காலணியோடுதான் நடந்தேன்.

கோவில் வாசலில் பூப்போட்ட தளர்ந்த அங்கியில் ஒரு பெண், “ஆன்ட்டி, வெளியே ஏன் நிற்கிறீர்கள்?” என்று கையைப் பிடித்து உள்ளே உட்கார வைத்தாள். முன்பின் தெரியாத மூத்தவர்களை உறவு சொல்லி அழைப்பது இங்கேயும் உண்டு. பாட்டு தொடங்கியது. மேளமும் நாலு குரலும் சேர்ந்து மேலே ஏறியபோது, எனக்கு மொழி புரியாவிட்டாலும் கண்ணில் நீர் நிற்கவில்லை.

பிறகு விருந்து. மண்ணில் குழி தோண்டிச் சூடான கற்களை அடுக்கி, இலையால் மூடி வேகவைத்த பன்றியும் கிழங்குகளும். பூசணியும் சர்க்கரைவள்ளியும் தேங்காய்ப்பாலில் வெந்த சாப்சாப், நம் சொதிக்குப் பங்காளி. பச்சை மீனை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்த நமாஸ் என்ற ஒன்று. என்ன மீன் என்று எட்டிப் பார்த்தேன், வஞ்சிரம்! காசிமேட்டில் கிலோ ஆயிரத்துக்கு ஏலம் போகும் மீன் இங்கே வாளியில் ஊறிக்கொண்டிருக்கிறது. பச்சையாகத் தின்பதா என்று யோசித்தேன். அந்தப் பெண் முள்கரண்டியை நீட்டிக்கொண்டே நின்றாள். தின்றேன். புளிப்பும் வெங்காயமும் காரமுமாக நன்றாக இருந்தது, இரண்டாம் முறை நானே கேட்டேன்.

சாயங்காலம் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். முத்துச்சிப்பிக்காகக் கடலில் மூழ்க வந்து இறந்த ஜப்பானியர் ஏராளம் பேர் இங்கே கிடக்கிறார்கள். முத்துக்காக அல்ல, சிப்பி ஓட்டுக்காக. அந்த ஓட்டிலிருந்து சட்டைப் பொத்தான் செய்தார்கள். ஒரு பொத்தானுக்காக இத்தனை பேரா என்று அவர் தன் புதுச் சட்டையின் பொத்தானைத் தொட்டுப் பார்த்தார்.

எங்கு பார்த்தாலும் பச்சை, நீலக் கொடியும் எடி கொய்கி மாபோவின் படமும். மெர் தீவில் பிறந்தவர். டவுன்ஸ்வில் பல்கலைக்கழகத்தில் தோட்டக்காரராக இருந்தார். தன் முன்னோர் நிலம் சட்டப்படி அரசுடையது என்று அங்கே பேராசிரியர்கள் சொல்லித்தான் அவருக்குத் தெரிய வந்தது. 1982-ல் வழக்குத் தொடுத்தார். 1992 ஜனவரியில் இறந்தார். தீர்ப்பு ஜூன் 3-ல் வந்தது, நான்கு மாதத்துக்கு மேல் தாமதமாக. ஆள் இல்லாத நிலம் என்று சொல்லி இந்தக் கண்டத்தை எடுத்துக்கொண்ட வாதம் அன்றைக்கு உடைந்தது. 2013-ல் டோரஸ் நீரிணைக் கடலில் விற்பனைக்கும் மீன் பிடிக்கும் உரிமை இம்மக்களுக்கு உண்டு என்று இன்னொரு தீர்ப்பும் வந்தது.

விருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் வடக்கே பாப்புவாவை ஒட்டிய தாழ்ந்த தீவுகளைப் பற்றிச் சொன்னார். சாய்பாய், போய்கு. பெரிய ஏற்றத்தின்போது கடல் ஊருக்குள்ளும் கல்லறைகளுக்குள்ளும் வருகிறது. அந்தத் தீவுகளின் இரண்டு பெரியவர்கள், தங்களைக் காக்க அரசு கடமைப்பட்டது என்று வழக்குப் போட்டிருக்கிறார்கள், தீர்ப்புக்குக் காத்திருக்கிறோம் என்றார். நான் எங்கள் கரையைப் பற்றியும் அம்மாவின் வீட்டைப் பற்றியும் சொன்னேன். “கல்லறையும் போய்விட்டதா?” என்று கேட்டார். இல்லை, வீடுகள்தான் என்றேன். “அதுவரை பரவாயில்லை” என்று முழு மனத்தோடு சொன்னார்.

ஜூலை 3 – பவளத்திட்டு

பெரும் பவளத்திட்டின் மேல் மிதந்தோம். 2,300 கிலோமீட்டர் நீளமாம். அழகு. இங்கேதான் முதன்முதலாகக் கடலில் இறங்கவிட்டார்கள். கொட்டும் ஜெல்லி மீனுக்குப் பயந்து தலை முதல் கால் வரை இறுக்கமான உடுப்பு. கால் விரல்கள்கூட நனையவில்லை போல இருந்தது. நாளை கெயின்ஸ். அவருடைய பெட்டி அங்கே எங்களுக்காகக் காத்திருப்பதாகத் தகவல் வந்திருக்கிறது.

ஜூலை 16 – காசிமேடு

வந்து சில நாள் ஆகிறது. இன்று காலை மகள் போனில் சொன்னாள், நேற்று அந்தத் தீர்ப்பு வந்துவிட்டதாம். இரண்டு பெரியவர்களும் தோற்றுவிட்டார்கள். அரசுக்கு அப்படி ஒரு கடமை சட்டப்படி இல்லையாம். வியாழன் தீவு விருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்தப் பெரியவரின் முகம் நாள் முழுக்க மனத்தை விட்டுப் போகவில்லை. யிர்க்கலாக்காரர்களும் 1971-ல் தோற்றவர்கள்தானே என்று எனக்கு நானே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன்.

வெயில் தாழ்ந்ததும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு கல்லணைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். கப்பல் திரும்பிய நாளைச் சொன்னபோது, “ஊர் வேண்டாம் என்றதும் திரும்பிவிட்டதா? அவ்வளவு பெரிய கப்பலா?” என்று இரண்டு முறை கேட்டாள். இரண்டு முறையும் ஆமாம் என்றேன். பிறகு சாய்பாய், போய்கு பற்றிச் சொன்னேன்.

“எவ்வளவு தூரம் உள்ளே வந்துவிட்டது?”

“ஊருக்குள்ளேயே வருகிறதாம், அம்மா. கல்லறை வரை.”

“கல் போட்டிருக்கிறார்களா?”

“சுவர் கட்டியிருக்கிறார்கள்.”

அம்மா கடலைப் பார்த்தாள். அடுப்பங்கரை இருந்த இடத்தில் ஒரு அலை உடைந்தது. “அப்படியானால் அடுத்த ஊர்க்காரர்களைப் பார்த்து இருக்கச் சொல்” என்றாள். பிறகு தாழைக் கூடையை வாங்கி, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து, புடவை முடிச்சிலிருந்த வெற்றிலையையும் பாக்கையும் எடுத்து அதற்குள் வைத்துக்கொண்டாள்.